நிறுத்தம் முதலில், பெட்டி பிறகு: நியூவெல் நெடுஞ்சாலையில் ஜியோகேச்சிங்

மெல்பர்னிலிருந்து பிரிஸ்பேனுக்குக் கடற்கரையை விட்டு உள்நாட்டு வழியாகப் போகிறவர்கள் பிடிக்கும் சாலை நியூவெல் நெடுஞ்சாலை. விக்டோரியா எல்லையில் மர்ரே ஆற்றங்கரை ஊரான டோக்கம்வாலில் தொடங்கி, நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து, குயின்ஸ்லாந்து எல்லையில் குண்டவிண்டி அருகே முடிகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியெல்லாம் கோதுமை வயல், ஆட்டு மேய்ச்சல் நிலம், வடக்கே போகப் போகப் பருத்தி, நடுவில் ஒரு பெருங்காடு. ஊருக்கும் ஊருக்கும் நூறு கிலோமீட்டர் இருப்பது இங்கே சாதாரணம்.

சாலை நன்றாக இருக்கிறது. நேராகவும் இருக்கிறது. அந்த நேர்தான் ஆபத்து. வளைவே இல்லாத சாலையில் கண் திறந்திருக்கும்போதே மனம் உறங்கத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள் என்று வழிநெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள். நாமோ படித்துவிட்டு, அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலும் அழுத்துகிறோம். சும்மா நிற்க மனம் வராது. இறங்கி நாலு எட்டு நடக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை ஜியோகேச்சிங் தருகிறது. இந்தச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து வண்டியை நிறுத்தக் கூடாது. எங்கே நிறுத்துவது நல்லது என்று முடிவு செய்துகொண்டு, அங்கே பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த வரிசையிலிருந்து பிறந்தவைதான்.

ஆட்டம் இதுதான்

ஜியோகேச்சிங்கை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் குறிப்பேடு ஒன்றை வைத்து எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். நீங்கள் ஜி.பி.எஸ். துணையோடு அதைத் தேடி எடுத்து, குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அன்று அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைப் புதைத்து எண்களை வெளியிட்டார். ஆட்டம் அங்கே தொடங்கியது.

டப்பாவை கேச் என்கிறார்கள். விரல்நுனி அளவுக் காந்தக் குப்பியிலிருந்து ராணுவத் தோட்டாப் பெட்டி வரை எல்லா அளவும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்: கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம், அங்கே போய்ச் சேருவது எவ்வளவு கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை. நெடும்பயணத்தின் நடுவே இரண்டும் 2க்குள் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்டவை ஓரிடத்தில் தங்கித் தேடுகிறவர்களுக்கு உரியவை.

புறப்படும் முன்

ஊரைவிட்டு வெளியே வந்ததும் கைபேசியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். காட்டுக்குள் பல இடங்களில் இருக்கவே இருக்காது. ஆகவே முந்தைய இரவே, தங்கும் விடுதியின் வைஃபையில், மறுநாள் ஓட்டப்போகும் பகுதியின் கேச்சுகளையும் வரைபடத்தையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச ஜியோகேச்சிங் செயலியின் இலவசக் கணக்கில் எல்லாக் கேச்சுகளும் தெரியாது. ஆஸ்திரேலியர்களே நடத்தும் தனிப் பட்டியலும் ஒன்று உண்டு. அதில் மட்டும் இருக்கும் பெட்டிகளைச் சர்வதேசச் செயலியில் தேடினால் கிடைக்காது. இரண்டையும் பார்ப்பது நல்லது.

எண்களைக் கையால் தட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் ஊரில் அட்சரேகை எப்போதும் வடக்கு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வடக்கு என்று போட்டுவிட்டால், கருவி உங்களை ஜப்பானுக்குத் தென்கிழக்கே பசிபிக் பெருங்கடலின் நடுவில் கொண்டு போய் நிறுத்தும். இங்கே தெற்கு. கேச் எண்கள் பாகை, கலை, கலையின் தசமம் என்ற வடிவில் இருக்கும். மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் ஏறக்குறைய 1.85 மீட்டர் நகர்வீர்கள். இரண்டாவது இலக்கம் தவறினால் பதினெட்டு மீட்டர். புதர்க்காட்டில் அது வேறொரு மரம், வேறொரு பாறை. ஆகவே எண்களைக் கூடியவரை கையால் தட்டாமல் செயலியிலிருந்தே எடுங்கள்.

வண்டியில் இருக்க வேண்டியவை: மூடிய காலணி, தடித்த முழுக்கால் சட்டை, தோட்ட வேலைக்கான கையுறை, டார்ச் விளக்கு, எழுதும் பேனா இரண்டு, சிறு குறடு (குப்பிக்குள் சுருண்டு கிடக்கும் காகிதத்தை வெளியே இழுக்க), அகலமான இழுவைக் கட்டுத்துணிச் சுருள்கள். குடிநீர் ஆளுக்கு 5 லிட்டர். குடிப்பதற்கு அவ்வளவு தேவைப்படாது. வண்டி பழுதாகி உதவி வரும்வரை காத்திருக்க நேர்ந்தால் அதுதான் உயிர். பெட்ரோலைப் பாதித் தொட்டியிலேயே நிரப்பிவிடுங்கள். 'எமர்ஜென்சி பிளஸ்' என்ற அரசுச் செயலி நீங்கள் நிற்கும் இடத்தின் எண்களைத் திரையில் காட்டும்; 000க்கு அழைக்கும்போது அதை அப்படியே படித்தால் போதும்.

எங்கே நிறுத்துவது

இந்தச் சாலையில் ரோடு டிரெயின் எனப்படும் லாரித் தொடர்கள் ஓடுகின்றன. 36.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அப்படியொன்று கடக்கும்போது, சாலையோரச் சரளையில் நிற்கும் உங்கள் கார் ஒரு குலுங்கு குலுங்கும். அதன் கதவைத் திறந்து ஒரு குழந்தை இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே சாலைத் தடுப்புக் கம்பியில், கிலோமீட்டர் கல்லில், பாலத்தின் கைப்பிடியில் ஒட்டிவைத்த காந்தக் குப்பிகள் வரைபடத்தில் எத்தனை தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு கேச்சுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது விதி. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டே சிலர் சாலையோரம் வரிசையாகக் குப்பிகளை வைத்துக்கொண்டு போவதுண்டு. எண்ணிக்கையைக் கூட்ட விரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓடுவார்கள். ஆளரவமற்ற மண்சாலையில் அது விளையாட்டு. நெடுஞ்சாலையில் அது கூடவே கூடாது.

நிற்கத் தகுந்தவை மூன்று. ஒன்று, பலகை போட்ட ஓய்விடங்கள்: மேசை, நிழல், பெரும்பாலும் கழிப்பறை இருக்கும்; சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும். அதிலும் லாரிகளுக்கென்று ஒதுக்கியதில் நிற்காதீர்கள். அந்த ஓட்டுநர்கள் சட்டப்படி ஓய்வெடுத்தே ஆக வேண்டிய நேரத்தில் வந்து இடம் தேடுவார்கள். இரண்டு, ஊருக்குள் இருக்கும் பூங்காக்கள், தகவல் மையங்கள். விடுமுறைக் காலங்களில் சில ஓய்விடங்களில் தன்னார்வலர்கள் ஓட்டுநர்களுக்கு இலவசமாகத் தேநீர் தருவார்கள். மறுக்காமல் வாங்கிக் குடித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். மூன்று, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலைகளில், பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும் இடங்கள். நல்ல கேச்சுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கும். அந்த இடத்தை நேசிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியூர்க்காரர்களும் அதைப் பார்க்கட்டும் என்றுதான் பெட்டியை அங்கே வைத்திருப்பார்.

விடியலிலும் அந்தியிலும் கங்காரு சாலைக்குக் குறுக்கே பாயும். தேடும் ஆசையில் மாலையை இழுத்தடித்துவிட்டு இருட்டில் ஓட்டாதீர்கள். நான்கு மணிக்கு மேல் புதிய நிறுத்தம் வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு.

பார்க்ஸ் முதல் கூனபாராப்ரன் வரை

நெடுஞ்சாலை முழுவதிலும் கேச்சுகள் உண்டென்றாலும், முதல்முறை வருகிறவர்கள் பார்க்ஸிலிருந்து நாராப்ரை வரையுள்ள நானூறு கிலோமீட்டரை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இந்தப் பகுதியில் வானமும் காடும் மாறி மாறி வரும்.

பார்க்ஸ் ஊரைத் தாண்டி வடக்கே இருபது கிலோமீட்டரில் வலப்பக்கம் வயல்வெளியில் வெள்ளைக் கிண்ணம் ஒன்று தெரியும். 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி. 1961 முதல் வேலை செய்கிறது. 1969இல் நிலவில் மனிதன் இறங்கியபோது, ஆம்ஸ்ட்ராங் முதல் அடி வைத்த காட்சியை கான்பெரா அருகிலிருந்த ஹனிசக்கிள் கிரீக் நிலையம் உலகுக்குத் தந்தது. அதற்குப் பிறகு மீதி ஒளிபரப்பின் பெரும்பகுதி இந்தக் கிண்ணத்தில் விழுந்ததுதான். 2020இல் இந்த மண்ணின் விராஜுரி மக்கள் இதற்கு முர்ரியாங் என்று பெயர் சூட்டினார்கள்.

இங்கே கைபேசி பற்றி ஒரு சேதி. ரேடியோ தொலைநோக்கி கேட்பது அண்டத்தின் மிக மெல்லிய முனகல். பக்கத்தில் ஒரு கைபேசி பேசினாலே அதற்கு இரைச்சல். பல ஆண்டுகள் ஆய்வாளர்களைக் குழப்பிய ஒருவகைக் குறிகள், நிலையத்திலேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பை அது ஓடி முடிவதற்குள் யாரோ திறந்ததால் வந்தவை என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே வளாகத்தில் கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும். ஏனென்றால் உங்கள் கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, அது சொல்வதைக் கேட்க மட்டுமே செய்கிறது. வரைபடத்தை முந்தைய இரவே இறக்கி வைக்கச் சொன்னதன் பலன் இங்கே தெரியும்.

டப்போவில் ஒரு நாள் தங்கலாம். மிருகக்காட்சிசாலைக்கே அரைநாள் போய்விடும். டப்போவைத் தாண்டியதும் சாலையோரத்தில் கோள்கள் வரத் தொடங்கும். கூனபாராப்ரனுக்கு மேற்கே மலைமேல் இருக்கும் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் 37 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் ஒன்று உண்டு. அதைச் சூரியனாக வைத்து, 3 கோடியே 80 லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில், ஐந்து சாலைகளின் ஓரம் கோள்களைப் பெரிய பலகைகளில் நிறுத்தியிருக்கிறார்கள். டப்போவிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் புளூட்டோ, பிறகு நெப்டியூன், யுரேனஸ் என்று உள்நோக்கிப் பயணம். வெளிக்கோள்களுக்கு இடையே பல நிமிடம் ஓட்டினாலும் ஒன்றும் வராது. சூரியனை நெருங்கியதும் புவி, வெள்ளி, புதன் எல்லாம் அடுத்தடுத்து ஓடிவரும். சூரியக் குடும்பத்தின் பெருவெளியைக் குழந்தைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. பலகைகள் பலவற்றின் அருகில் வண்டி ஒதுங்க இடம் இருக்கிறது. கேச் இருந்தால் தேடுங்கள்; இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கோளிலும் இறங்கி நில்லுங்கள்.

கில்காண்ட்ராவில் நிறுத்தினால் ஒரு கதை கிடைக்கும். முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்க 1915 அக்டோபரில் இந்த ஊரிலிருந்து இருபத்துச் சொச்சம் பேர் சிட்னியை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் 'கூ-ஈ' என்று குரல் கொடுத்து இளைஞர்களை அழைத்தார்கள். சிட்னி போய்ச் சேரும்போது 263 பேர். 'கூ-ஈ' என்பது காட்டில் பிரிந்து போனவர்கள் ஒருவரையொருவர் தேடக் கொடுக்கும் குரல். முதலில் நீளமாக ஒரு ஒலி, பிறகு சட்டென்று மேலே ஏறும் ஒலி. மரங்களுக்கு ஊடே அது வெகுதூரம் கேட்கும். வடக்கே வரும் பில்லிகா காட்டுக்குள் போகும் முன்பு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

கூனபாராப்ரனில் தகவல் மையம் கட்டாய நிறுத்தம். உள்ளே டிப்ரோடோடோன் என்ற அழிந்துபோன விலங்கின் எலும்புக்கூடு நிற்கிறது. இதுவரை வாழ்ந்த பைம்மாவினங்களில் மிகப் பெரியது. அதைவிட முக்கியம், எந்தக் காட்டுப்பாதை திறந்திருக்கிறது, எங்கே தீ எச்சரிக்கை, எங்கே மழையால் மண்சாலை குழைந்து கிடக்கிறது என்பதையெல்லாம் இங்கே இருப்பவர்கள் அன்றன்றைக்குச் சொல்வார்கள். செயலியில் ஒரு வாரம் பழைய தகவல் இருக்கும். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குக் காலைச் செய்தி தெரியும்.

தீயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது சரி. 2013 ஜனவரியில் வாரம்பங்கிள் மலையில் மூண்ட காட்டுத்தீ தேசியப் பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் தப்பின. விடுதிக் கட்டடம் எரிந்தது. ஆஸ்திரேலியாவில் தீ அபாயத்தை நான்கு படிகளில் அறிவிக்கிறார்கள். மேலிரண்டு படிகளில் ஒன்று அறிவிக்கப்பட்ட நாளில் காட்டுப்பாதைக்குள் காலெடுத்து வைக்காதீர்கள். ஊருக்குள்ளேயே பெட்டி தேடலாம். அன்று தேடாமல் விட்ட பெட்டி அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

பில்லிகா

கூனபாராப்ரனுக்கும் நாராப்ரைக்கும் இடையே 120 கிலோமீட்டர். இடையில் ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பில்லிகா காடு சாலையின் இரண்டு பக்கமும் சுவர் கட்டியதுபோல் கூடவே வரும். 5,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய பரப்பு. சைப்ரஸ் பைனும், கரிய முரட்டுப் பட்டையுள்ள அயன்பார்க்கும் அடர்ந்தது. மண் மணற்பாங்கானது, நிலம் சமமானது. இதன் வரலாற்றை எரிக் ரோல்ஸ் 1981இல் ஒரு பெரும் நூலாக எழுதியிருக்கிறார். நீங்கள் நினைக்கிற கன்னிக்காடு அல்ல இது. வெள்ளையர் மேய்ச்சலுக்கு வந்து, ஆடுமாடு பெருகி, பிறகு கைவிட்ட நிலங்களில் மரம் மண்டி இன்றைய அடர்த்திக்கு வந்தது என்பது அவர் வாதம். சாலையிலிருந்து பார்க்கும்போது இந்தக் காடு ஒரே மாதிரியாகத் தெரிந்து அலுப்பூட்டும். இறங்கி இருநூறு மீட்டர் நடந்தால்தான் அது வேறொன்றாக மாறும்: காலடியில் காட்டுப்பூ, பட்டைகளில் எறும்புச் சாரி, எங்கோ கொண்டைக்கிளிகளின் கூச்சல்.

வழிதவற மிக வசதியான காடும் இதுதான். மலையோ ஆறோ அடையாளத்துக்கு இல்லை; எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம். ஆகவே வண்டியைவிட்டு நகரும் முன்பு, வண்டி நிற்கும் இடத்தைக் கருவியில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கேச்சின் எண்ணைப் பார்த்துக்கொண்டே போவார்கள்; திரும்பி வர ஒரு எண் வேண்டும் என்பது பாதி பேருக்கு நினைவில் இருக்காது. ஒருவர் சாலையோசை கேட்கும் தூரத்திலேயே நிற்கட்டும். வெயில் பற்றியும் ஒரு வார்த்தை: தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். நிழல் மரத்தின் தெற்குப் பக்கம் விழும். அந்தப் பக்கம் வண்டியை விடுங்கள். திசை மயங்கினாலும் சூரியனைப் பார்த்து நம் ஊர்க் கணக்கைப் போடாதீர்கள்.

இங்கே இரண்டு கிளைவழிகளைப் பரிந்துரைப்பேன். முதலாவது, பாரடைன் பக்கமாகப் போய் டான்ட்ரி பள்ளத்தாக்கில் 'புதரில் சிற்பங்கள்' நடைபாதை. மூன்று கிலோமீட்டர் சுற்று. மணற்கல் முகடுகளில் ஐந்து சிற்பங்கள், உள்ளூர் மக்களோடு சேர்ந்து கலைஞர்கள் செய்தவை. புறப்படும் முன்பு பாரடைனிலுள்ள வனத் தகவல் மையத்தில் மண்சாலையின் நிலையைக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, மணற்கல் குகைகள். காற்றும் நீரும் குடைந்த இந்தக் குகைகளில் கமிலராய் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்கிறார்கள். பாறையில் அவர்கள் கருவிகளைத் தீட்டிய பள்ளங்களும் செதுக்கல்களும் இருக்கின்றன. கூனபாராப்ரன் தகவல் மையத்தில் வழி கேட்டுப் போவது முறை. அங்கே எந்தப் பாறையையும் தொடாதீர்கள். எந்தப் பொந்திலும் கைவிடாதீர்கள். பழங்குடி மக்களின் இடங்களில் டப்பா ஒளித்துவைப்பதே தவறு. அப்படியொன்று பட்டியலில் தென்பட்டால் தேடாமல், பட்டியலை நடத்துகிறவர்களுக்கு எழுதுங்கள்.

அத்தகைய இடங்களுக்கென்றே டப்பா இல்லாத வகை ஒன்று இருக்கிறது, எர்த்கேச் என்று பெயர். எண்களைப் பின்பற்றிப் போய், பாறையையோ மண்ணையோ உற்றுப் பார்த்து, வைத்தவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். உலகின் முதல் எர்த்கேச் 2004இல் இதே நியூ சௌத் வேல்ஸின் கடற்கரையில், முர்ராமராங் தேசியப் பூங்காவில்தான் தொடங்கியது. நாராப்ரைக்கு வடகிழக்கே சான் ராக்ஸ் என்ற இடத்தில் நாற்பது மீட்டர் உயரத்துக்குப் பலகோணத் தூண்களாக எரிமலைப் பாறை நிற்கிறது. குழம்பு ஆறும்போது சுருங்கி, வெடித்து, அப்படித் தூணாகப் பிரிந்தது. எர்த்கேச்சின் கேள்விகள் எப்படிப்பட்டவை என்று புரிந்துகொள்ள அங்கே அரைமணி நின்றால் போதும்: தூணுக்கு எத்தனை பக்கம், ஏன் வளைந்திருக்கிறது, கீழே விழுந்து கிடப்பதன் குறுக்களவு என்ன. விடை சொல்ல நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். பெட்டியைக் கண்டதும் கிளம்பிவிடும் அவசரம் இங்கே செல்லாது.

கை போகும் முன்பு கண் போகட்டும்

கருவி 'வந்துவிட்டாய்' என்று சொன்னதும் அதைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். மரநிழலில் அது ஐந்து முதல் பத்து மீட்டர் வரை அலையும். அம்புக்குறியைத் துரத்தினால் வட்டம் சுற்றுவீர்கள். நின்று பாருங்கள். ஒளித்தவரின் இடத்தில் இருந்தால் நான் எங்கே வைப்பேன்? புதர்க்காட்டில் விடை பெரும்பாலும் மூன்றுதான்: விழுந்த மரத்தின் பொந்து, அடிமரத்துப் பிளவு, வேலிக்கம்பத்தின் பின்புறம். இயற்கை அடுக்காத விதத்தில் இணையாக அடுக்கிய குச்சிகளோ பட்டைகளோ கண்ணில் பட்டால் அதுதான்.

இந்த மூன்று இடங்களும் பாம்புக்கும் சிலந்திக்கும் பிடித்த இடங்கள் என்பதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது. கிழக்குப் பழுப்புப் பாம்பு இந்த நிலத்துக்காரன். உலகின் மிகக் கொடிய நஞ்சுள்ள பாம்புகளில் ஒன்று. அது உங்களைத் தேடி வராது. நீங்கள் அதன் பொந்துக்குள் கைவிடாத வரை பெரும்பாலும் விலகிப் போய்விடும். முதலில் தரையைத் தட்டி நடங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு குச்சியால் துழாவுங்கள். கையுறை போட்ட கை கடைசியில் போகட்டும். மரத்துண்டைப் புரட்டும்போது உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் ஏதாவது இருந்தால் அது எதிர்ப்பக்கம் ஓட வழி கிடைக்கும்.

பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கழுவாதீர்கள், நடக்காதீர்கள். அகலமான கட்டுத்துணியால் கடிவாயின் மேல் இறுக்கமாகச் சுற்றி, பிறகு விரல்களிலிருந்து மேல்நோக்கி அந்தக் கை அல்லது கால் முழுவதையும் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, 000க்கு அழையுங்கள். முதுகில் சிவப்புக் கோடுள்ள ரெட்பேக் சிலந்தி கடித்தால் கதை வேறு: கட்டுப் போடக் கூடாது, பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்து மருத்துவரிடம் போக வேண்டும். டப்பாவின் மூடியடியிலும் விளிம்பிலும்தான் ரெட்பேக் வலை பின்னும். திறக்கும் முன்பு டப்பாவைத் தரையில் வைத்துச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேலியைத் தாண்டுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். தாண்டாதீர்கள். கம்பிவேலிக்கு அப்பால் ஒருவருடைய வாழ்வாதாரம் இருக்கிறது. உங்கள் காலணியில் ஒட்டிய களைவிதை ஒன்று அவருக்குப் பல ஆண்டுத் தொல்லை ஆகலாம். அனுமதியுள்ள பாதையில் கதவு வந்தால், திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட்டுச் செல்லுங்கள். பூட்டி நிறுத்தியிருப்பதோ, திறந்து வைத்திருப்பதோ, இரண்டுமே கால்நடை நீர் குடிக்கப் போகும் வழியைக் கணக்கிட்டுச் செய்தவை.

கண்டபிறகு

குறிப்பேட்டில் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. உள்ளே இருக்கும் பொம்மை, நாணயம் எதையாவது குழந்தை எடுத்தால் அதே மதிப்புள்ள ஒன்றை வைக்கட்டும். தின்பண்டம் வைக்கவே கூடாது. எறும்பும் போஸம் என்ற சிறு விலங்கும் டப்பாவைக் கடித்துத் துளைத்துவிடும். எண் பொறித்த உலோகத் தகடு கட்டிய பொருள் இருந்தால் அது ஊர் ஊராகப் பயணம் செய்ய அனுப்பப்பட்டது. எடுத்தால் அடுத்த கேச்சில் வைத்து இணையத்தில் பதிய வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பிறகு மூடியை இறுக்கி, எடுத்த இடத்திலேயே, எடுத்த விதமாகவே, அதே பட்டையால் மூடிவையுங்கள். இன்னும் நல்ல பொந்து பக்கத்தில் தெரிகிறது என்று மாற்றி வைப்பதுதான் அதிகம் கெடுதல் செய்யும் நல்லெண்ணம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் நாற்பது டிகிரி வெயிலில் பழைய இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே பதியுங்கள். பலருக்கு இதில் வெட்கம். ஆனால் தொடர்ந்து மூன்று பேர் கிடைக்கவில்லை என்று பதிந்தால்தான் வைத்தவருக்குத் தெரியும். எண்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்ப்பார். குறிப்பேடு நனைந்திருந்தால் உலர்ந்த காகிதத் துண்டு ஒன்றைச் சேர்த்துவையுங்கள். மூடி உடைந்திருந்தால் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். தேடும் நேரத்துக்கு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: இருபது நிமிடம். அதற்கு மேல் அந்த நிறுத்தம் ஓய்வாக இராது.

இத்தனையும் பார்த்தபிறகு, நாமும் ஒன்றை இங்கே வைத்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றும். வேண்டாம். கேச் வைத்தவர் அதைப் பராமரிக்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சுற்றுலா வந்தவர்கள் வைப்பதைப் பட்டியலில் ஏற்க மாட்டார்கள். தேசியப் பூங்காவுக்குள் வைக்கப் பூங்கா நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். நாராப்ரையிலோ டப்போவிலோ உங்கள் தம்பி குடும்பம் குடியிருந்தால் அது வேறு பேச்சு. அவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் பெயரில் பதிந்து, அவர்கள் அடிக்கடி போகும் ஓய்விடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நெளிந்து விரிசல் விடும் மலிவு பிளாஸ்டிக் டப்பா இங்கத்திய வெயிலுக்கு ஒரு கோடையும் தாங்காது; ரப்பர் விளிம்புள்ள பூட்டு மூடி டப்பா, அல்லது பழைய தோட்டாப் பெட்டி வாங்குங்கள். வெளியே ஜியோகேச் என்று எழுதி ஒட்டிவிடுங்கள், வழிப்போக்கர் யாரும் கண்டு பயந்து போலீசைக் கூப்பிடாதிருக்க.